மூக்குக்கும் கண்ணுக்கும் நடுவே ஒரு ரத்தக்குழாய்

உறுப்புக்கு ஒரு இயந்திரம் வந்துவிட்ட காலம் அது. அறுவை அறையில் மூக்கு இயந்திரம், மூக்கிலிருந்து கொட்டிய ரத்தத்தை நிறுத்தியாயிற்று என்று பச்சை விளக்கைப் போட்டுவிட்டது. ஆனால் மேஜையில் கிடந்த வெல்டர் ஆரோக்கியம், பாவம், எதையோ விழுங்கிக்கொண்டே இருந்தான். அவன் விழுங்குவது எச்சில் இல்லை, தொண்டைக்குள் இறங்கும் ரத்தம் என்று டாக்டர் கோதைநாயகிக்குத் தெரிந்துவிட்டது.

"மூக்குக்குப் பின்னால வர்ற குழாயைத்தான் அடைச்சிருக்கு. மேலேயிருந்து இன்னொண்ணு வருதே, அதையும் அடைக்கச் சொல்லு லீலா."

"அது கண்ணுக்குப் போற குழாயோட கிளையாம் மேடம். கண் இயந்திரம்தான் தொடணுமாம்," என்றாள் நர்ஸ் லீலா.

"அப்போ அதைக் கூப்பிடேன்!"

"கூப்பிட்டேன் மேடம். ரத்தம் மூக்குலதானே வருது, எங்க கேஸ் இல்லைங்குது."

வாசலில் நின்ற ஆரோக்கியத்தின் மனைவி ஜெபமணி கத்தினாள். "அப்போ எம் புருஷன் யாரு கேஸும்மா?"

"என் கேஸு!" என்றாள் கோதைநாயகி.

இயந்திரங்கள் வந்தபின் ஆறு வருஷமாகக் கையெழுத்து மட்டுமே போட்டுவந்த அவள் கை கத்தியை எடுத்தது. மரத்துப்போக ஊசி போட்டு, மூக்கை ஒட்டிக் கண்ணோரத்தில் சின்னதாகக் கீறி, உள்ளே போய் அந்தக் குழாயைக் கட்டினாள். ஆரோக்கியம் விழுங்குவது நின்றது.

அடுத்த நிமிஷமே இரண்டு இயந்திரங்களும் புகார் அனுப்பின. அனுமதியில்லாமல் மனிதக் கை பட்டதாம்.

கோதைநாயகி ரத்தக் கையுறையைக் கழற்றிப் பச்சை விளக்கின்மேல் எறிந்தாள்.

"பாத்தியா லீலா, இப்போ மட்டும் ரெண்டுக்கும் இவன் கேஸாயிட்டான்!"