கம்பீரத்துக்கு ஒரு வார்த்தை

"சார், கம்பீரம்னு இங்கிலீஷ்ல ஒரே வார்த்தையில போடணும். இன்னா போடலாம்?"

போனில் கேட்டவன் வெள்ளிமலை இளவரசன். மலைப்பாதையில் ஜீப் ஓட்டுகிறவன். ஒரு காலத்தில் அங்கே பள்ளிக்கூடத்தில் சிங்கராயரிடம் இங்கிலீஷ் படித்தவன்.

ரிடையர் ஆகிக் கள்ளக்குறிச்சியில் குடியிருக்கும் சிங்கராயர், கேள்வி காதில் விழுந்ததும் கொடியில் கிடந்த சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார். பனியனோடு இங்கிலீஷ் பேசுகிற பழக்கம் அவருக்கு இல்லை.

"அவசரப்படாதே. கம்பீரத்துல பல தினுசு இருக்கு" என்று ஆரம்பித்தார்.

கிராண்ட் என்பது பட்டுப்புடவைக்கும் கல்யாணப் பந்திக்கும். மெஜஸ்டிக் என்றால் ராஜகளை; மலைக்கும் யானைக்கும் பொருந்தும். ஸ்டேட்லி என்பது தேர் அசைந்து வருகிற மாதிரி நிதானமான பெருமிதம். ஆகஸ்ட் என்றால் மாட்சிமை, அருமையான வார்த்தை. ஆனால் பேனரில் போட்டால் விழா எந்த மாசம் என்று ஜனங்கள் குழம்புவார்கள். டிக்னிஃபைட் என்பது சத்தம் போடாத கம்பீரம். அது உள்ளவர்கள் பேனரே வைக்க விடமாட்டார்கள்.

அவர் சொல்லி முடிப்பதற்குள் மனைவி உபகாரமேரி கொண்டுவந்து வைத்த காபி ஆறிப்போனது. அந்தப் பிள்ளை ஒரு வார்த்தைதானே கேட்டான் என்று அவள் முணுமுணுத்தாள்.

"கடையில நின்னுக்கினு இருக்கேன் சார். பிளெக்ஸ்காரர் பூட்டப் போறாரு" என்றான் இளவரசன்.

"யாருக்குடா பேனர்?"

"பள்ளிக்கூடத்துல புது மேடை திறக்கிறாங்க சார். அன்னைக்கு ஒரு பெரிய மனுசருக்கு மரியாதை பண்றோம். பேரு மட்டும் கேக்காதீங்க. நீங்க கண்டிப்பா வரணும்."

பெயரை வேறு கேட்க வேண்டுமா? மேடை கட்டிக் கொடுத்தவர் களமருதூர் நாராயணசாமி. போன மாசம் ஒரு கல்யாணத்தில், சிங்கராயர் உட்கார்ந்திருந்த முன்வரிசை நாற்காலியைத் தன் சம்பந்திக்கு வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்ட மனிதர். சிங்கராயருக்கு நாக்கு அரித்தது.

"அப்படின்னா பாம்பஸ்னு போடு. பி, ஓ, எம், பி, ஓ, யு, எஸ். நல்லா பெரிய எழுத்துல."

தன் கம்பீரத்தைத் தானே தலையில் சுமந்துகொண்டு திரிகிறவர் என்று அதற்கு அர்த்தம். மனைவியிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. விவரம் தெரிந்தவர் யாராவது படித்தால் அந்தப் பிள்ளை தலை அல்லவா உருளும் என்றாள்.

"வெள்ளிமலையில இந்த வார்த்தை தெரிஞ்சவர் ஒருத்தர்தான் இருந்தார். அவரும் ரிடையர் ஆயிட்டார்" என்றார் சிங்கராயர்.

விழாவன்று மலை பஸ்ஸில், நாராயணசாமி அந்தப் பேனருக்குக் கீழே நின்று கும்பிடு போடும் காட்சியை நினைத்து, ஒவ்வொரு வளைவிலும் சிரித்துக்கொண்டே போனார்.

பள்ளிக்கூட வாசலில் பேனர் நின்றது. கோட்டு போட்ட படம். படத்துக்குக் கீழே 'எங்கள் POMPOUS சிங்கராயர் சார் அவர்களை வணங்கி வரவேற்கிறோம்.'

நாராயணசாமி தனக்கு மாலை மரியாதை எதுவும் வேண்டாம், பாடம் சொல்லிக் கொடுத்தவருக்குச் செய்யுங்கள் என்று சொல்லிவிட்டாராம். சாப்பாட்டுப் பந்தலில் இலை போட்டுக்கொண்டிருந்தார்.

இளவரசன் ஓடிவந்து மாலை போட்டான்.

"எப்படி சார்? உங்களுக்குத் தெரியாம உங்களையே கேட்டு வாங்கிட்டோம்ல?"

சிங்கராயர் வாயைத் திறப்பதற்குள், அந்தப் பள்ளிக்குப் புதிதாக வந்திருந்த இங்கிலீஷ் டீச்சர் இசைவாணி அவசரமாக வந்தாள். இளவரசனிடம்தான் பேசினாள், ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

"அண்ணே, இதுக்குக் கம்பீரம்னு அர்த்தமில்ல. தற்பெருமை புடிச்சவர்னு அர்த்தம். முதல்ல ஒரு பேப்பர் ஒட்டி மறைங்க."

"மேடம், இது சாரே வாயால சொன்ன வார்த்தை. சார் ஒரு எழுத்து தப்பா சொல்ல மாட்டாரு."

அப்படியானால் மேடத்துக்குத்தான் இங்கிலீஷ் கம்மி என்று கூட்டத்தில் யாரோ சொல்ல, நாலு பேர் சிரித்தார்கள். இசைவாணியின் முகம் சுண்டிப்போனது. அவளிடம் படிக்கிற பிள்ளைகள் சுற்றி நின்றார்கள்.

எல்லோரும் சிங்கராயரைப் பார்த்தார்கள்.

கம்பீரம் என்றுதான் அர்த்தம் என்று சொல்லிவிட்டால் போதும். மாலை, சால்வை, வடை பாயசம் எல்லாம் ஒழுங்காக நடக்கும். அந்தப் பெண் மட்டும் இனி இந்த ஊரில் இங்கிலீஷ் தெரியாத இங்கிலீஷ் டீச்சர். உண்மையைச் சொன்னால், இளவரசன் தன் வாத்தியாரைத் திட்டி, அதைப் பெரிய எழுத்தில் அச்சடித்து வாசலில் வைத்தவன் ஆவான். ஸ்பெல்லிங் மாறிவிட்டது என்று நழுவலாமா என்றும் பார்த்தார். ஸ்பெல்லிங்கில் ஒரு குறையும் இல்லை.

மாலையைச் சரிசெய்துகொண்டு தொண்டையைக் கனைத்தார். கூட்டம் அடங்கியது.

"பேப்பர் எதுவும் ஒட்ட வேணாம். அந்த வார்த்தையைச் சொன்னது நான்தான். இளவரசன் மேல தப்பில்லை. அது யாருக்குன்னு தெரியாம சொல்லிட்டேன்."

கொஞ்சம் நிறுத்தி, பேனரை அண்ணாந்து பார்த்தார்.

"மேடம் சொன்ன அர்த்தமும் சரி, இவன் போட்ட ஆளும் சரி."