சைக்கிளுக்குக் கரக் இல்லை

கல்ஃபான் சைக்கிள் மணியை அடித்தார். கூட வந்த பத்துப் பேரும் அடித்தார்கள். டீக்கடை நவ்ஷாத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பின்னால் வந்து நின்ற பிக்கப் ஒரே ஒரு ஹாரன் கொடுத்தது. தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினான் பாவி.

ஓமானின் சூர் கடற்கரைச் சாலையில் டீக்காக யாரும் இறங்குவதில்லை. வண்டியை நிறுத்தி ஹாரன் அடித்தால் ஏலக்காய் மணக்கும் கரக் டீ கைக்கு வந்துவிடும். இறங்கிப் போய்க் கேட்பது மானக்கேடு.

பதினோரு பேரும் இருபது வருடம் அப்படிக் குடித்தவர்கள்தான். சர்க்கரை ஏறிவிட்டது என்று டாக்டர் அவர்களைச் சைக்கிளில் ஏற்றிவிட்ட நாளோடு மரியாதை போயிற்று.

மூன்று வெள்ளிக்கிழமை பொறுத்தார்கள். போன வாரம் அவர்களில் ஒருவரான ஹமூத் தன் பழைய காரின் ஹாரனையும் பாட்டரியையும் கழற்றிச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார். சத்தம் கேட்டு ஓடிவந்த நவ்ஷாத், சைக்கிளைக் கண்டதும் வந்த வழியே திரும்பிவிட்டான்.

இன்றைக்கு மனு. சக்கரம் இரண்டானாலும் வாடிக்கையாளர் வாடிக்கையாளர்தான், இந்த ஓரவஞ்சனை ஒழிய வேண்டும் என்று எழுதிப் பதினோரு பேரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். கொடுத்துவிட்டு வரக் கல்ஃபானைத் தள்ளிவிட்டார்கள். முப்பது வருடம் அலுவலகத்தில் உட்கார்ந்து மனு வாங்கி ஓரமாகப் போட்டவர், மனுவின் அருமை அவருக்குத்தானே தெரியும்.

"மனு கொடுக்கத்தான் இறங்குறேன், டீக்கு இல்ல" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு இறங்கினார்.

நவ்ஷாத் மனுவைத் தொடவில்லை. தன் போனை எடுத்து நீட்டினான்.

வரிசையாகச் சைக்கிள்காரர்களின் படங்கள். ஒவ்வொன்றும் அவரவர் மனைவி ஒரு எச்சரிக்கையோடு அனுப்பியது. ஹமூதுக்கு டீ கொடுத்தால் எங்கள் தெருவே உன் கடைப் பக்கம் வராது என்று ஒருத்தி. ஸுலையம் அழுவார், நம்பிவிடாதே என்று இன்னொருத்தி.

கல்ஃபானுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சிரித்துக்கொண்டே தன் படத்தைத் தேடினார். மேலே போனார், கீழே வந்தார். பத்துதான் இருந்தது.

"உங்களுக்கு மட்டும் யாரும் தடை சொல்லல பாபா. கூட்டத்துல ஒருத்தருக்கு மட்டும் எப்படிக் கொடுக்கிறதுன்னுதான் சும்மா இருந்தேன்" என்று சொல்லி, ஆவி பறக்க ஒரு டீயை எதிரே வைத்தான் நவ்ஷாத்.

ஒரு மாத ஏக்கம். கோப்பையைக் கையில் எடுத்தார். வெளியே பத்துப் பேரும் கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொடுத்துவைத்தவர்கள் என்று அவர்கள்மேல் பொறாமையாக வந்தது.

கோப்பையைத் திரும்ப வைத்தார். தொப்பியைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து நின்று, என்னையும் ஒரு படம் எடுத்துக்கொள் என்றார்.

எடுத்தான். யார் சொன்னதாகப் போடுவது என்று கேட்டான்.

"என் பொண்டாட்டி சொன்னதாப் போடு. ஸுவைனா. கெஞ்சினாலும் கொடுக்காதேன்னு எழுது."

ஸுவைனாவை அடக்கம் செய்த அன்று கடையைப் பூட்டிவிட்டு வந்து நின்றவன் நவ்ஷாத். அப்படியே எழுதிக்கொண்டான்.