மூன்று வால் சாட்சிகள்

"இந்தப் பெரிய கல்லுக்கு அடியில பாருங்க மேடம். அங்கதான் நெறைய இருக்கும்."

முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு வழிகாட்டினார் குணாளன். ஜார்ஜ்டவுன் ஓட்டல்களின் படுக்கை விரிப்புகளை வெளுத்துத் தரும் லாண்டரிக்கு மேனேஜர். லாண்டரிக்குப் பின்னாலேயே ஆறு ஓடியும் அவர் கால் நனைந்து சுபாஷினி பார்த்ததில்லை.

அவள் சுற்றுச்சூழல் அதிகாரி. இரண்டு வருஷமாகக் கழிமுகத்து மீனவர்கள் லாண்டரிக் கழிவு பற்றிப் புகார் மேல் புகார் கொடுக்கிறார்கள். அவளும் வந்து பாட்டிலில் தண்ணீர் பிடித்துப் போகிறாள். ஒவ்வொரு தடவையும் 'சுத்தம்' என்றே முடிவு வரும். சோதனை நாளில் மட்டும் லாண்டரிக் குழாய் விரதம் இருக்கும் போல.

ஆற்றடிப் பூச்சிகளுக்கு நாள் கிழமை கிடையாது. வருஷம் முழுக்க அங்கேயே குடியிருப்பவை; எந்த நாளில் அழுக்கு விட்டாலும் காட்டிக்கொடுத்துவிடும். "பூச்சியும் நல்லாருக்குன்னா ஃபைலை மூடிடு," என்று மேலதிகாரி ஹைக்கல் கறாராகச் சொல்லிவிட்டார். பூச்சிச் சோதனை என்று லாண்டரிக்கு முன்கூட்டியே நோட்டீஸும் போயாயிற்று. இதுதான் கடைசி வாய்ப்பு.

கல்லைப் புரட்டி, வலையில் விழுந்ததை வெள்ளைத் தட்டில் கொட்டினாள்.

சிவப்புப் புழுக்கள் நெளிந்தன. சாக்கடையிலும் சௌக்கியமாக வாழ்பவை. நடுவே, மூன்று வால் பூச்சிகள் பதினெட்டு. தண்ணீர்மலை ஓடை மாதிரி தெளிந்த ஓடையைத் தவிர வேறெங்கும் குடித்தனம் பண்ணாத ஜாதி.

அவளுக்குப் பகீரென்றது. இத்தனை நாள் ஒரு நல்ல மனுஷரையா சந்தேகப்பட்டோம்?

"இது சுத்தமான தண்ணியிலதானே மேடம் இருக்கும்? நெட்டுல படிச்சேன் லா," என்றார் குணாளன், முகமெல்லாம் பூரிப்பாக. "ஆறு நமக்குத் தாய் மாதிரி மேடம்."

சுபாஷினி ஒரு பூச்சியைக் குச்சியால் தொட்டாள். அசையவில்லை. அடுத்ததும் அசையவில்லை. பதினெட்டும் செத்துக் கிடந்தன.

"ஒடம்பு இன்னும் அழுகல, எல்லாம் இன்னிக்குத்தான் செத்திருக்கு," என்றாள். "அப்படின்னா காலையில எதையோ தொறந்து விட்டிருக்கீங்க. இது கோர்ட்டுக்குப் போற கேஸ் சார்."

குணாளனின் பூரிப்பு இறங்கிவிட்டது.

"ஐயோ மேடம், சத்தியமா இல்ல. மூணு நாளா ஒரு சொட்டு வெளிய விடல. வேணும்னா கொழாயத் தொட்டுப் பாருங்க, காஞ்சு கெடக்கு."

"அப்புறம் எப்படிச் செத்துச்சு?"

"அதான் எனக்கும் புரியல மேடம். காலையில தண்ணீர்மலை ஓடையில புடிக்கும்போது எல்லாம் நல்லாத் துள்ளிக்கிட்டுத்தான் இருந்துச்சு."