இன்னும் ரெண்டு சீசன்

சிங்கப்பூரின் ஜூரோங் மகளிர் கால்பந்து அணியின் தலைவி ஹஸீனா, ஆலோசகர் சுஹைபின் அறைக்குள் வந்தாள். முன்னாள் வீரரான அவரை, கிளப்பில் எல்லாரையும் போல அவளும் 'சார்' என்றுதான் அழைப்பாள்.

"சார், நான் ஆட்டத்தை விட்டுடறேன்."

"ஏன்? இன்னும் ரெண்டு சீசன் நல்லா ஆடலாம் லா!"

"பாப்பாவ யார் பாத்துக்குவா?"

"அவ அப்பா?"

"அவருக்கு இந்த வேலைதான் உயிர். கேக்க மனசு வரல."

சுஹைப் கழுத்திலிருந்த கிளப் அட்டையைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"முழங்கால் போய், பாதியில நின்ன வலி எனக்குத் தெரியும். நீ நிக்காத. நான் வேலைய விடறேன்னு இன்னிக்கே மேனேஜர்கிட்ட சொல்லிடறேன். பாப்பாவ நான் பாத்துக்கறேன்."

ஹஸீனாவுக்குக் கண் கலங்கியது. "பால் கலக்கவாவது தெரியுமா உங்களுக்கு?"

"கத்துக்கறேன். நம்ம மகதானே!" என்று சிரித்தார் அவள் கணவர்.