இருபத்தாறு டிகிரி

"எங்கய்யா போச்சு தெர்மாமீட்டர்?"

ஆபீஸ் ரூமுக்குள்ள நுழைஞ்சதும் நான் போட்ட சத்தத்துல, கூட வந்த அழகுராஜா பதறிட்டார். விருதுநகர்ல வத்தல் மண்டி வச்சிருக்கிற என் சிநேகிதர். "உங்க கடல்தண்ணித் தொட்டிய ஒரு நாளாவது கண்ணுல காட்டுங்க அண்ணாச்சி"ன்னு ரொம்ப நாளா நச்சரிச்சார். அதான் தாயில்பட்டியில இருக்கிற என் பட்டாசுக் கம்பெனிக்குக் கூட்டிட்டு வந்தேன். எப்பவும் பதினோரு மணிக்கு மேலதான் வருவேன். அன்னைக்கு ஒம்பதரைக்கே வந்துட்டேன்.

ரெண்டடித் தொட்டி. உள்ள ரெண்டு மீன், ஏழெட்டுப் பவளம். தண்ணி இருபத்தாறு டிகிரியிலயே நிக்கணும். சின்னத் தொட்டிங்கிறதால வெயில் ஏறுனா சட்டுனு சூடாயிரும். ரெண்டு டிகிரி கூடுனாலே பவளம் சுருங்கிப்போகும்.

"அதான் தண்ணியக் குளிர வைக்கிற சில்லர் ஓடுதே? அதுல இருபத்தாறுன்னுதான காட்டுது?" என்றார் அழகுராஜா.

"அது பச்சப் பொய் சொல்லும். போன மாசம் அதை நம்பித்தான் ஒரு பவளம் வெளுத்துச் செத்துச்சு. அப்புறந்தான் கண்ணாடித் தெர்மாமீட்டர் வாங்கி உள்ள ஒட்டி வச்சேன். அதைத்தான் எவனோ ஆட்டையப் போட்டுட்டான்!"

அப்பத்தான் பாண்டிச்செல்வி ஓடி வந்தா. ஆபீஸ் கூட்டித் துடைக்கிறவ. கால்ல செருப்பில்ல, மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்குது. ஒரு கை முந்தானைக்குள்ள இருந்துச்சு.

"கையில என்ன?"

நீட்டினா. தெர்மாமீட்டர்!

எனக்கு வந்துச்சே கோவம். வெடுக்குன்னு பிடுங்கினேன்.

"கூட்டுறவளுக்கு இது எதுக்கு? எவன்கிட்ட விக்கப் பாத்த?"

"அய்யோ, இல்லைங்க மொதலாளி..."

"இன்னைக்கு மட்டுமா, தினமுமா?"

"தினமுந்தான். நீங்க வர்றதுக்குள்ள திரும்ப ஒட்டிருவேன். நல்ல தண்ணியில மூணு தடவ கழுவிட்டுத்தான் ஒட்டுவேன்."

"நெஞ்சழுத்தத்தப் பாத்தீங்களா, அழகுராஜா!"

சத்தம் கேட்டு ஆபீஸ் ஆளுங்க வாசல்ல கூடிட்டாங்க. ஆள் கூடக் கூட எனக்கும் வாய் நீண்டுச்சு. திருடின்னேன், உண்ட வீட்டுக்குத் துரோகம்னேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். இப்ப நினைச்சா நாக்குக் கூசுது.

அவ என்னைப் பாக்கவே இல்ல. சன்னல் வழியா வெளியவே பாத்துக்கிட்டு நின்னா.

"என்ன அங்க திருட்டு முழி? நாளையில இருந்து வேலைக்கு வராத!"

அவளுக்குப் புருசன் இல்ல. இந்தச் சம்பளத்துலதான் அடுப்பு எரியுது. அது தெரிஞ்சேதான் சொன்னேன்.

கண்ணு கலங்குச்சு. ஆனா நின்ன இடத்தைவிட்டு நகரல.

"சரிங்க மொதலாளி, வரல. இன்னைக்கு ஒரு நா மட்டும் அதைக் குடுங்க. பதினோரு மணிக்குக் கொண்டாந்து குடுத்துட்டுப் போயிருதேன்."

"எதுக்குன்னு கேக்கேன்ல?"

"பட்டாசு மருந்து கலக்குற ரூம்ல மாட்டணும் மொதலாளி. பதினோரு மணிக்குள்ள கலக்குற வேலை முடிஞ்சிரும். அங்கன இருந்தது ஒடஞ்சு ரெண்டு மாசமாச்சு. சூடு கூடுனா கலக்குறத நிப்பாட்டிட்டு எல்லாரும் வெளிய வந்துரணும். தகரத்துக்குக் கீழ எம்புட்டுச் சூடுன்னு பாக்காம எப்பிடித் தெரியும்? உங்க காரு வந்ததும் பயந்துபோயி கழட்டிட்டு ஓடியாந்துட்டேன். இப்ப அவுக ஒண்ணுமில்லாமத்தான் கலக்கிக்கிட்டு இருக்காக."



"உன் ஆளு யாராவது உள்ள வேலை செய்றாங்களா?" என்றேன்.

"எனக்கு யாரு இருக்கா மொதலாளி? நாலு பேரு உள்ள இருக்காகல்ல, அதான்."

தெர்மாமீட்டரை அவ கையில குடுத்தேன். குடுத்ததும் மருந்து ரூமைப் பாத்து ஓடினா. வாசல்ல நின்ன ஆளுங்க ஒவ்வொருத்தரா நகந்தாங்க. ஒருத்தரும் என் முகத்தைப் பாக்கல.

அழகுராஜா மெதுவாக் கேட்டார்.

"ஏன் அண்ணாச்சி, அங்க ஒடஞ்சு கிடந்தது உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாதே! எவனாவது சொன்னாத்தான?" என்றேன், அவர் முகத்தைப் பாக்காம.

தெரியும். ஃபோர்மேன் மூணு தடவை வந்து கேட்டார். "சீசன் முடியட்டும்யா, பாக்கலாம்"னு மூணு தடவையும் அனுப்பிட்டேன். மூணாவது தடவை அவர் எதுக்க நிக்கும்போதுதான், நான் போன்ல இந்தத் தொட்டிக்குத் தெர்மாமீட்டர் ஆர்டர் போட்டுக்கிட்டு இருந்தேன். எத்தனை வேணும்னு போன்ல கேட்டுச்சு. ஒண்ணு போதும்னு அமுக்கினேன்.