இன்னொரு கால்

சிமென்ட் தரையில் ரத்தக் கறையைப் பார்த்ததும் இருளம்மாள் டார்ச்சை எடுத்தாள். பட்டாசுக் கம்பெனி வேனில் வந்து இறங்கி, அடுப்பைப் பற்றவைத்துவிட்டுத் திரும்பியவள் நேராகப் புருஷனின் கட்டிலருகே போய் உட்கார்ந்தாள்.

“காலைக் காட்டுங்க.”

“ஒண்ணுமில்ல புள்ள,” என்றார் தங்கச்சாமி.

“போன வருசமும் இதைத்தான் சொன்னீக. வலது காலையே எடுத்தாச்சு.”

அன்று டாக்டர் சொன்னது இன்னும் அவள் காதில் நின்றது. “சர்க்கரையில காலை எடுத்தவங்கள்ல பாதிப் பேரு அஞ்சு வருசம் தாண்டுறதில்லம்மா. இன்னொரு கால்ல ஒரு கீறல் விழாமப் பாத்துக்கங்க.” அதிலிருந்து தினமும் அந்தக் காலை டார்ச் அடித்துப் பார்க்காமல் அவள் சோறு தின்றதில்லை.

விரலிடுக்கு, குதிகால், உள்ளங்கால் என்று தடவித் தடவிப் பார்த்தாள். ஒரு கீறல்கூட இல்லை.

“பெறகு ஏது ரத்தம்?”

“நான் இன்னைக்குக் கட்டில விட்டே எறங்கலையே.”

டார்ச்சைத் தரையில் அடித்தாள். கறை வாசலில் தொடங்கி, அடுப்படிக்குப் போய், அவள் உட்கார்ந்திருந்த இடத்தில் வந்து முடிந்தது.

கம்பெனியில் வெடிமருந்து அடைக்கும் அறைக்குள் செருப்புப் போட விடமாட்டார்கள், பகலெல்லாம் வெறுங்கால்தான். தன் பாதத்தைத் திருப்பிப் பார்த்தாள். ஆழமாக இறங்கிய கருவேல முள் ஒன்று உள்ளேயே ஒடிந்து நின்றது.

“எப்பக் குத்துச்சுன்னே தெரியலைங்க,” என்று சிரிக்கப் பார்த்தாள். “கொஞ்சங்கூட வலிக்கல.”

தங்கச்சாமி சிரிக்கவில்லை. அவள் காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

“எனக்கும் மொதல்ல வலிக்கவே இல்ல புள்ள.”