அம்மன் மேல் அரைத்த மிளகாய்

தெய்வானையின் மகள் கோமளா புகுந்த வீட்டில் தீயில் கருகிச் செத்தபோது, அடுப்பு வெடித்துவிட்டது என்றார்கள். கோர்ட்டும் அதையே நம்பி மருமகன் சிவசாமியை விட்டுவிட்டது. தெய்வானை பெருமாளுக்குத் துளசி மாலை சாத்தினாள். சிவனுக்குப் பிரதோஷ விரதம் இருந்தாள். அந்தச் சாமிகள் எல்லோரையும் மன்னிப்பவர்களாக இருந்தார்கள். அதனால் காட்டோரத்து அம்மனிடம் போனாள். அங்கே மந்திரம் எதுவும் வேண்டாம். வரமிளகாயைக் கல்லில் அரைத்து, கெடுதல் செய்தவன் பேரைச் சொல்லி அம்மன் மேல் பூசினால் போதும். நியாயம் கிடைக்கும்வரை அம்மனுக்கும் எரியும். பூசியவளே வந்து எண்ணெய் ஊற்றித்தான் குளிர வைக்க வேண்டும்.

தெய்வானை சிவசாமியின் பேரைச் சொல்லிப் பூசிய மூன்றாம் மாதம் அவனுக்கு உடம்பெல்லாம் கொப்புளம் கிளம்பியது. டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள். அவனுடைய அம்மா ராமாத்தாள் தெய்வானையின் வாசலில் வந்து நின்றாள்.

“சம்பந்தியம்மா, வந்து அம்மனைக் குளிர வையுங்க. பையனுக்குத் தண்ணிகூட இறங்க மாட்டேங்குது.”

“அன்னிக்கு என் புள்ள கத்துனது உங்களுக்குக் கேட்டுச்சா?”

ராமாத்தாள் வாசல்படியில் உட்கார்ந்தாள்.

“கேட்டுச்சு. அவன்தான் கதவை வெளிய தாழ்ப்பாள் போட்டுட்டு நின்னான்.”

தெய்வானைக்கு அழுகை வரவில்லை.

“இதை ஸ்டேஷன்ல வந்து சொல்லுங்க. அங்கிருந்து நேரா கோயிலுக்குப் போலாம்.”

“ஐயோ, சொன்னா என் மகன் ஜெயிலுக்குப் போயிருவானே!”

தெய்வானை செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் இறங்கினாள்.

“உசுரோட போவான்.”